ஒரு குச்சி, நாலு டம்ளர் பால்: குழந்தைகளுக்கு அறிவியல் சொல்லித்தரப் புதிதாக வருபவர்களுக்கு

ஆறாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் முதல் பருவத்தைப் பிரித்தால் அளவீடுகள், விசையும் இயக்கமும், பருப்பொருள்கள், தாவரங்கள், விலங்குகள், உடல்நலம், கணினி என்று வரிசையாக வரும். அட்டை ஒன்று, உள்ளே ஒன்றையொன்று ஏறெடுத்தும் பார்க்காத பாடங்கள். அதை நடத்தும் ஆசிரியரும் பெரும்பாலும் கல்லூரியில் இயற்பியலோ விலங்கியலோ ஒன்றை மட்டும் படித்துவிட்டு வந்தவர். தனக்குத் தெரிந்த பாடத்தில் இரண்டு பீரியட் கூடுதலாக நின்றுவிட்டு, மற்றதை வாசிக்கச் சொல்லிக் கடந்துவிடுவார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பாடங்களைக் கோப்பதற்கு யாரும் அவருக்கு வழி காட்டவில்லை, அவ்வளவுதான்.

ஒருங்கிணைந்த அறிவியல் என்ற பெரிய பெயருக்குப் பின்னால் இருக்கும் சங்கதி எளிமையானது. பிள்ளைகளின் கைக்கு எட்டுகிற ஒரு பொருளை எடுங்கள். அதற்குள் எத்தனை பாடம் இருக்கிறதோ, அத்தனையையும் அந்தப் பொருள் வழியாகவே தொடுங்கள். அங்கன்வாடிப் பிள்ளைக்கும் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் ஒரே பொருளைக் கொடுக்கலாம். மாறுவது கேள்விதான். பள்ளி ஆசிரியர், மாலை நேரத் தன்னார்வலர், வீட்டில் சொல்லித்தரும் அம்மா அப்பா என யாராக இருந்தாலும் கீழே உள்ள வரிசையில் தொடங்கலாம்.

முதல் வேலை: பொருளைத் தேர்ந்தெடுப்பது

எந்தப் பாடத்தில் ஆரம்பிக்கலாம் என்று யோசிக்காதீர்கள். எந்தப் பொருளில் ஆரம்பிக்கலாம் என்று யோசியுங்கள். பிள்ளை அதைத் தினம் பார்க்கிறதா? அதில் ஏதாவது ஒன்றைத் தன் கையால் மாற்றிப் பார்க்க முடியுமா? மாற்றினால் சில மணி நேரத்திலோ சில நாளிலோ விளைவு தெரியுமா? மூன்றுக்கும் ஆம் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். நிழல், தண்ணீர், முளைவிடும் பயறு, தயிர், இட்லி மாவு, கொசுப்புழு, குப்பைக்குழி எல்லாம் தேறும். அறிவியல் கண்காட்சிகளில் வரும் வினிகர்-சோடா எரிமலையை நான் எடுக்க மாட்டேன். அது கைதட்டல் வாங்கும், கேள்வி வாங்காது.

அடுத்து ஒரு பெட்டி தயார் செய்யுங்கள். எவர்சில்வர் டம்ளர், டபரா, வெவ்வேறு அளவு பிளாஸ்டிக் பாட்டில், நூல், ரப்பர் பேண்ட், பலூன், ஊசி இல்லாத சிரிஞ்ச், கைலென்ஸ், பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தம், தையல்காரர் டேப். பாதிக்கு மேல் வீட்டிலேயே கிடைக்கும். காசு கொடுத்து வாங்க வேண்டியது முக்கியமாக ஒன்று, ஆய்வகத்தில் வைத்திருக்கும் நீளமான தெர்மாமீட்டர். காய்ச்சல் பார்க்கிறது 42 டிகிரி வாக்கில் நின்றுவிடும், சூடான பாலுக்கு ஆகாது. பாதரசம் உள்ளது வேண்டாம். சிவப்புத் திரவம் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

மூன்று முதல் ஐந்து வயது: விளக்கம் சொல்லாதீர்கள்

இந்த வயதில் உங்கள் வேலை பொருளைக் கொடுப்பது, கேட்பது, எழுதி வைத்துக்கொள்வது. ஒரு அகலமான பேசினில் தண்ணீர் நிரப்பி, காய்ந்த மிளகாய், ஆணி, புளியங்கொட்டை, மரக்கட்டை, உருளைக்கிழங்கு, தக்காளி என்று போட விடுங்கள். போடுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் “மிதக்குமா, முங்குமா?” என்று கேளுங்கள். தக்காளியில் சிலது மிதக்கும், சிலது முங்கும். அது நல்லதுக்குத்தான். எல்லாமே டீச்சர் சொன்னபடி நடந்துவிட்டால் பிள்ளை தண்ணீரைப் பார்க்காது, டீச்சர் முகத்தைத்தான் பார்க்கும்.

பிறகு டபராவைத் தண்ணீரில் நிமிர்த்தி வையுங்கள், மிதக்கும். சாய்த்துத் தண்ணீர் புகுந்தால் அடியில் போய் உட்காரும். அதே இரும்பு, அதே தண்ணீர். நாலு வயதுப் பிள்ளை இதற்குச் சொல்லும் காரணத்தைக் கேட்டுச் சிரித்துவிடாதீர்கள். “அதுக்கு வயிறு ரொம்பிடுச்சு” என்று சொன்னால், அதை அப்படியே எழுதி வையுங்கள். பின்னால் வரும் அடர்த்திப் பாடத்துக்கு அதைவிட நல்ல ஆரம்பம் கிடைக்காது.

டம்ளரும் டபராவும் இருப்பதால் இன்னொன்றும் செய்யலாம். டபராவில் உள்ள தண்ணீரை ஒல்லியான, உயரமான டம்ளரில் ஊற்றி, “இப்போ எதுல ஜாஸ்தி?” என்று கேளுங்கள். ஐந்து வயதுப் பிள்ளைகளில் பலரும் டம்ளரைத்தான் காட்டுவார்கள். சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். வடிவம் மாறினாலும் அளவு மாறாது என்பது ஏழு வயது வாக்கில்தான் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பிடிபடுகிறது. அதனால் திருத்தாதீர்கள். திரும்பத் திரும்ப ஊற்றி விளையாட விடுங்கள், போதும். ஒரே எச்சரிக்கை: புளியங்கொட்டை, மணி, பட்டாணி போன்றவற்றை மூக்கிலும் வாயிலும் போட்டுக்கொள்வார்கள். ஆறேழு பிள்ளைக்கு ஒரு பெரியவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். பட்டன் பேட்டரி உள்ள எந்தப் பொருளும் அந்த அறைக்குள்ளேயே வரக்கூடாது.

ஒரே குச்சியை வைத்து எட்டாம் வகுப்பு வரை

நிழலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். செலவே இல்லாமல், எல்லா வகுப்புக்கும் ஏற ஏற வளர்கிற விஷயம் இதுபோல் வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

அங்கன்வாடியில் நிழலை மிதிக்கும் விளையாட்டு. “உன் நிழலை நீயே மிதிக்காம ஓடு பார்ப்போம்” என்றால் பத்து நிமிடம் ஓடும். ஒன்று, இரண்டாம் வகுப்பில், காலையில் ஒரு பிள்ளையை நிற்கவைத்து நிழலைச் சாக்பீஸால் வரையுங்கள். அதே பிள்ளை மதியம் அதே இடத்தில் நிற்க வேண்டும், திரும்ப வரையுங்கள். நிழல் குட்டையாகிவிட்டது, பக்கமும் மாறிவிட்டது. “சூரியன் எங்கே இருக்கு, நிழல் எங்கே விழுது?” என்ற கேள்வியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்பதை மட்டும் ஒவ்வொரு தடவையும் சொல்லிவிடுங்கள்.

மூன்றிலிருந்து ஐந்து வரை அளவு வருகிறது. மைதானத்தில் சமமான ஓரிடத்தில் ஒரு மீட்டர் குச்சியை நிமிர்த்தி நடுங்கள். நேராக நிற்கிறதா என்று பார்க்க, நூலில் கல் கட்டித் தொங்கவிட்டால் போதும். மணிக்கு ஒரு தடவை நிழல் நுனியில் கூழாங்கல் வைக்கச் சொல்லுங்கள். சாயங்காலம் எல்லாக் கல்லையும் டேப்பால் அளந்து நோட்டில் எழுதிக் கட்டத்தாளில் வரைய வேண்டும். கணக்கு பீரியடை இதற்குக் கடன் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், கணக்கு டீச்சருக்கும் சந்தோஷம்தான். இங்கே ஒரு விஷயம் வெளிவரும்: நிழல் மிகக் குட்டையாக இருக்கும் நேரம் சரியாகப் பன்னிரண்டு மணி இல்லை. நம் கடிகாரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது. சென்னை 80.3 டிகிரியில் இருப்பதால் சூரியன் அங்கே உச்சிக்கு வர ஒன்பது நிமிடம் தாமதம். அதோடு வருடம் முழுக்கப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்னும் பின்னும் ஆடவும் செய்யும். ஐந்தாம் வகுப்புக்கு இந்தக் காரணம் தேவையில்லை. “கடிகாரம் சொல்ற மத்தியானம் வேற, குச்சி சொல்ற மத்தியானம் வேற” என்பது தெரிந்தால் போதும்.

ஆறிலிருந்து எட்டு வரைதான் இதன் சுவையே. “மதியம் சூரியன் தலைக்கு நேர் மேலே இருக்கும்” என்று பிள்ளைகள் சொல்வார்கள். பெரியவர்களும் சொல்வார்கள். வருடம் முழுக்க மாதம் ஒரு நாள் உச்சி நிழலை அளந்தால் அது உண்மையில்லை என்று தெரிந்துவிடும். சென்னையில் டிசம்பர் 21 அன்று ஒரு மீட்டர் குச்சியின் உச்சி நிழல் சுமார் 74 செ.மீ. இருக்கும், வடக்கே நீளும். ஜூன் 21 அன்று 18 செ.மீ. மட்டும், அதுவும் தெற்கே விழும். வடக்கே விழுந்த நிழல் தெற்கே போக வேண்டுமென்றால் நடுவில் ஏதோ ஒரு நாள் காணாமலே போயிருக்க வேண்டும் அல்லவா? இதைப் பிள்ளைகளே சொல்லும்வரை காத்திருங்கள். சென்னையில் அந்த நாள் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில் வருகிறது. நிழலில்லா நாள் என்கிறோம். கன்னியாகுமரியில் ஏப்ரல் 10, செப்டம்பர் 1 வாக்கில். ஏப்ரல் கடைசியில் பரீட்சையும் விடுமுறையும் வந்துவிடும் என்பதால் பள்ளிக்கு வசதி ஆகஸ்ட்தான்.

இன்னொரு ஊர்ப் பள்ளியில் தெரிந்த ஆசிரியர் இருந்தால் பூமியையே அளந்துவிடலாம். சென்னையிலும் கன்னியாகுமரியிலும் ஒரே நாளில், அவரவர் ஊர் உச்சி நேரத்தில் நிழலை அளந்து, குச்சி-நிழல் முக்கோணத்தைத் தாளில் வரைந்து, குச்சியின் மேல்நுனியில் உள்ள கோணத்தைக் கோணமானியால் பார்த்தால் இரண்டுக்கும் ஏறக்குறைய 5 டிகிரி வித்தியாசம் வரும். முழு வட்டமான 360-ஐ 5-ஆல் வகுத்தால் 72, அதாவது இரண்டு ஊருக்கும் உள்ள தூரம் பூமியின் சுற்றளவில் 72-இல் ஒரு பங்கு. இரண்டு ஊருக்கும் வடக்கு-தெற்காக உள்ள தூரம் சுமார் 555 கி.மீ. அதை 72-ஆல் பெருக்கிப் பாருங்கள், பூமியின் சுற்றளவு 40,000 கி.மீ.க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ரோடு தூரத்தைப் போட்டுவிடக் கூடாது, அது கூடுதலாக இருக்கும். வரைபடத்தில் நேர் வடக்கு-தெற்குத் தூரத்தைத்தான் எடுக்க வேண்டும். இரண்டு நிழலும் ஒரே பக்கம் விழும் நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள். எதிரெதிர்ப் பக்கம் விழும் நாளில் கோணங்களைக் கழிக்கக் கூடாது, கூட்ட வேண்டும். கிரேக்க அறிஞர் எரடோஸ்தனிஸ் எகிப்தில் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் செய்தது இந்தக் கணக்கைத்தான். பெயரைக் கடைசியில் சொல்லுங்கள். முதலிலேயே சொன்னால் அது வரலாற்றுப் பாடமாகிவிடும்.

நடுநிலை வகுப்புக்குத் தயிர்

நிழல் வகுப்புக்கு வகுப்பு மேலே ஏறுகிறது. ஒரே வகுப்புக்குள் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றையும் பக்கவாட்டில் கட்ட வேண்டுமென்றால் தயிர் போதும். எல்லோர் வீட்டிலும் தெரிந்த விஷயம். “எங்க ஆயா துணியால சுத்தி வைப்பாங்க” என்று ஒரு பிள்ளையாவது ஆரம்பிக்கும். அங்கிருந்து பிடித்துக்கொள்ளுங்கள்.

காய்ச்சிய பால் அரை லிட்டர் வேண்டும். நான்கு டம்ளரில் 100 மி.லி. வீதம் ஊற்றிக்கொள்ளுங்கள், கொஞ்சம் மீதி இருக்கும். முதல் டம்ளரில் பால் 40 டிகிரி வெதுவெதுப்பில், ஒரு ஸ்பூன் உறைமோர். இரண்டாவதிலும் அதே சூடு, உறைமோர் கிடையாது. மூன்றாவதில் பால் 80 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்க இருக்கும்போதே ஒரு ஸ்பூன் உறைமோர். நான்காவதில் ஃபிரிட்ஜில் வைத்துக் குளிர்ந்த பால், ஒரு ஸ்பூன் உறைமோர், திரும்பவும் ஃபிரிட்ஜுக்கு. சூடான டம்ளரை நீங்கள் கையாளுங்கள், பிள்ளைகள் தெர்மாமீட்டரைப் படிக்கட்டும். காலை முதல் பீரியடில் வைத்தால் சாயங்காலம் மணி அடிப்பதற்குள் தெரிந்துவிடும்.

வைத்ததும் எது உறையும், எது உறையாது, ஏன் என்று ஒவ்வொருவரும் நோட்டில் எழுதிவிட வேண்டும். இதை விட்டுவிடாதீர்கள். எழுதாவிட்டால் சாயங்காலம் எல்லோரும் “நான் அப்பவே நெனச்சேன்” என்பார்கள்.

முதல் டம்ளர் உறைந்திருக்கும். இரண்டாவதில் உறைமோர் இல்லாததால் பால் பாலாகவே இருக்கும். மூன்றாவதும் உறையாது, இங்கேதான் வகுப்பு சூடு பிடிக்கும். உறைமோர் ஊற்றினோமே, ஏன் உறையவில்லை? உறைமோரில் இருப்பது உயிருள்ள பாக்டீரியா, அந்தச் சூட்டில் செத்துவிட்டது என்ற இடத்துக்குப் பிள்ளைகள் தாங்களே வந்துசேர்வார்கள். நான்காவதும் உறையவில்லை, ஆனால் காரணம் வேறாக இருக்கலாம். குளிரில் செத்துவிட்டதா, தூங்குகிறதா? எப்படிக் கண்டுபிடிப்பது? யாராவது ஒரு பிள்ளை அந்த டம்ளரை வெளியே எடுத்து வைக்கலாம் என்று சொல்லும். அடுத்த நாள் பார்த்தால் உறைந்திருக்கும். அந்த யோசனையை நீங்கள் சொல்லிவிடாதீர்கள், ஒரு நாள் கூடப் போனாலும் பரவாயில்லை.

இவ்வளவும் உயிரியல், கூடவே வெப்பநிலை. இனி வேதியியல். மீதியிருக்கும் பாலில் எலுமிச்சைச் சாறு பிழியுங்கள், உடனே திரியும். பாக்டீரியா இல்லை, காத்திருக்கவும் இல்லை. அப்படியென்றால் எலுமிச்சைக்கும் உறைமோருக்கும் பொதுவாக என்ன? சங்குப்பூவை வெந்நீரில் ஊறவைத்தால் நீலச் சாயம் கிடைக்கும். எலுமிச்சைச் சாற்றில் விட்டால் பளிச்சென்று இளஞ்சிவப்பு கலந்த ஊதா. தயிரில் தெளிந்த தண்ணீரில் விட்டால் லேசாக ஊதா பக்கம் சாயும். சோப்புத் தண்ணீரில் பச்சையை நோக்கிப் போகும். பாலின் சர்க்கரையான லாக்டோஸை பாக்டீரியா தின்று லாக்டிக் அமிலமாக்குகிறது, அந்த அமிலம் பாலின் புரதத்தை ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது என்ற வாக்கியத்தை இந்தக் கட்டத்தில் சொன்னால் தலையில் ஏறும். முதல் நாளே கரும்பலகையில் எழுதியிருந்தால் மனப்பாடம்தான். மஞ்சளை இதற்கு எடுக்காதீர்கள். மஞ்சள் காரத்தில்தான் சிவக்கும், அமிலத்தில் மாறவே மாறாது.

கடைசியில் ஆயாவின் துணிக்கு வரலாம். சித்திரையில் தயிர் சீக்கிரம் புளிப்பதும் மார்கழியில் உறையத் தகராறு பண்ணுவதும் ஏன்? துணி சூட்டைத் தருகிறதா, இருக்கிற சூட்டைப் போகவிடாமல் வைக்கிறதா? வெப்பக் கடத்தல் பாடம் வந்துவிட்டது. ஒரு விதி: வகுப்பில் வைத்த தயிரை யாரும் சாப்பிடக் கூடாது. சாயம் பட்டது, பல கை பட்டது.

உங்கள் விளக்கத்தையும் சோதித்துப் பாருங்கள்

தட்டில் தண்ணீர், நடுவில் மெழுகுவர்த்தி, மேலே கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தால் சுடர் அணையும், தண்ணீர் உள்ளே ஏறும். “ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது, அந்த இடத்தைத் தண்ணீர் நிரப்புகிறது” என்று காலங்காலமாகச் சொல்லிவருகிறோம். இது சரியில்லை. அதை நிரூபிப்பதும் சுலபம். ஒரு மெழுகுவர்த்திக்குப் பதில் மூன்று வைத்துப் பாருங்கள், தண்ணீர் இன்னும் உயரமாக ஏறும். டம்ளருக்குள் இருந்த ஆக்சிஜன் அதே அளவுதானே? கவனித்துப் பார்த்தால் தண்ணீர் பெரும்பாலும் சுடர் அணைந்த பிறகுதான் விறுவிறுவென்று ஏறுகிறது. சுடரின் சூட்டில் காற்று விரிகிறது, கொஞ்சம் குமிழியாக வெளியேயும் போகிறது. அணைந்ததும் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது, வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. சுடர் அணையும்போது உள்ளே ஆக்சிஜன் முழுதும் தீர்ந்திருப்பதும் இல்லை.

ஏழாம், எட்டாம் வகுப்புக்கு இதை விளக்கமாகக் கொடுக்காதீர்கள், வழக்காகக் கொடுங்கள். பழைய விளக்கத்துக்கு ஒரு கட்சி, எதிர்க்கட்சி ஒன்று. மூன்று மெழுகுவர்த்தியைச் சாட்சியாகக் கொண்டுவரட்டும். டம்ளரையும் நெருப்பையும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். துப்பட்டாவும் நீளப் பின்னலும் பக்கத்தில் வரக்கூடாது. நாக்கின் நுனியில் இனிப்பு, ஓரத்தில் புளிப்பு என்று காட்டும் படமும் இதே ரகம்தான். கண்ணைக் கட்டி, உப்புத் தண்ணீரை நாக்கில் அங்கங்கே வைத்துப் பிள்ளைகளே அந்தப் படத்தைத் தூக்கிப் போடட்டும்.

நோட்டும் பரீட்சையும்

நோட்டுக்கு நான்கு பகுதி போதும்: என்ன நடக்கும் என்று நினைத்தேன், என்ன செய்தேன், என்ன பார்த்தேன், இப்போது என்ன நினைக்கிறேன். ஒன்று, இரண்டாம் வகுப்பில் படம் மட்டும். எழுத்துப் பிழையைச் சிவப்பு மையால் வட்டமிடாதீர்கள், அதைத் தமிழ் பீரியட் பார்த்துக்கொள்ளும். முதல் பகுதியில் எழுதியது தப்பாகிப் போனால் அதை அடிக்கவோ அழிக்கவோ விடக்கூடாது. தப்பான ஊகத்துக்கும் முழு மதிப்பெண் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதும் பழக்கம் இங்கேயும் வந்துவிடும்.

இப்படியெல்லாம் செய்தால் பாடம் எப்போது முடிப்பது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத் பகுதியில் 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டு வரை முழு அறிவியலையும் சோதனை வழியாகவே நடத்த ஆரம்பித்தார்கள். பின்னால் ஏகலவ்யா அமைப்பு அதை எடுத்து நடத்தியது. 2002 வரை, முப்பது வருடம் ஓடிய திட்டம் அது. அரசுப் பள்ளி, சாதாரண ஆசிரியர்கள். அங்கே பரீட்சையையும் மாற்றினார்கள், பிள்ளைகள் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதினார்கள், செய்முறைத் தேர்வும் இருந்தது. நம்மால் பரீட்சையை மாற்ற முடியாது. அதனால் ஒரு சமரசம்: ஒரு பருவத்துக்கு ஒரே ஒரு பொருளை இப்படி விரிவாக எடுங்கள், மீதியை வழக்கம்போல் நடத்துங்கள். தயிரை எடுத்தால் நுண்ணுயிர், வெப்பம், அமிலம்-காரம் என்று மூன்று பாடத்தின் பாதி அதிலேயே முடிந்திருக்கும். எந்தப் பாடத்தில் எந்தப் பக்கம் இதோடு சேர்கிறது என்று முன்கூட்டியே பென்சிலால் குறித்து வைத்துக்கொண்டால், அதிகாரி வந்து கேட்டாலும் பதில் சொல்லலாம்.

பதில் தெரியாத கேள்வி கட்டாயம் வரும். “தெரியாதுப்பா, எப்படிக் கண்டுபிடிக்கலாம்னு சொல்லு” என்று கேட்டுவிட்டு, சுவரில் ஒட்டிய தாளில் கேள்வியைப் பிள்ளையின் பெயரோடு எழுதுங்கள். வாரம் ஒரு கேள்வியையாவது அந்தத் தாளிலிருந்து எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் இரண்டாவது வாரத்திலேயே அது வெறும் தாள் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும்.

தனியாகச் செய்ய வேண்டியதில்லை. அரசு நடுநிலை வகுப்புகளில் அறிவியலையும் கணக்கையும் செய்துபார்த்துக் கற்பதற்காக 2022-இல் வானவில் மன்றம் என்ற அரசுத் திட்டம் தொடங்கப்பட்டது. சோதனைகளைச் செய்துகாட்டும் அதன் கருத்தாளர் உங்கள் பள்ளிக்கு வருகிற நாளை விசாரித்து, உங்கள் பொருளை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987 முதல் நடத்தும் சிறுவர் அறிவியல் இதழான ‘துளிர்’-ஐ வகுப்புக்கு ஒன்று போடுங்கள். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் நிழலையோ தயிரையோ விடாமல் தொடர்ந்தால், அந்த நோட்டையே தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு ஆய்வாக வளர்க்கலாம். உள்ளூர்ப் பிரச்சினை ஒன்றோடு சேர்த்துக் கேட்பார்கள் என்பதால், தயிர் செய்த குழுவைத் தெருவில் பால் எவ்வளவு நேரத்தில் கெடுகிறது என்று பார்க்க அனுப்புங்கள்.